பழுதுப் புள்ளிகள்

2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியலில் படர்ந்திருந்த மூடுபனி ஒன்பது மணிக்குள் முற்றிலும் நீங்கிற்று. வானத்தில் மேகம் ஒன்றேனும் இல்லை. வடதிசைக் காற்று குளிர்ச்சியாகவும் மிதமாகவும் வீசியது. உப்பு விளைவதற்கு இதனினும் ஏற்ற நாள் அமையாது என்று நான் கருதினேன். நிலத்தை வானிலிருந்து அளப்பவர்களும் அந்த நாளைப் பற்றி அவ்வாறே கருதியிருந்தனர் என்பது பின்னர்தான் தெரிய வந்தது.

குஜராத்தின் சிறு ரண் என்னும் உவர்நிலத்தின் தென்பகுதியில், வண்டித்தடத்திலிருந்து சற்றே உள்ளடங்கி, எங்கள் ஒன்பது குடும்பங்களின் உப்புப் பாத்திகள் வரிசையாக அமைந்துள்ளன. தடத்திற்கு அண்மையில் இருப்பது ஹலீமாபென்னின் பாத்தி; பெண்களைப் 'பென்', அதாவது சகோதரி, என்று சேர்த்து அழைப்பது எங்கள் வழக்கம். என் பாத்தி நடுவில் இருக்கிறது. கடைக்கோடியில் இருப்பது ஜீவுபென்னின் பாத்தி. கணவர் மறைந்த பின் அதனை அவர் ஒருவராகவே நடத்தி வருகிறார். கிணற்று உவர்நீரைப் பாய்ச்சுவதும், கால் முழுகும் நீரில் நின்று பல் வைத்த மரவாரியால் நாள்தோறும் உப்பைக் கிளறிவிடுவதும் அவரே. கிளறாது விட்டால் உப்பு பாறையாக இறுகிவிடும், மணியாகத் திரளாது.

அன்று முற்பகல் பதினொரு மணியளவில் தடத்தின் ஓரத்திலிருந்து ஒரு வெண்மையான ஒளி எங்களை நோக்கி அடித்தது. ஒரு முறை மறைந்தது; மீண்டும் அடித்தது.

ரண் நிலத்தில் மரமும் இல்லை, மேடும் இல்லை. கூப்பிட்ட குரல் அடுத்த பாத்தியை எட்டுவதற்குள் காற்றோடு போய்விடும். ஆதலால் நாங்கள் கண்ணாடியால் பேசுகிறோம். தண்ணீர் வண்டி வரவில்லை என்றாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பம்பு நின்றுவிட்டது என்றாலும் குடிசைக் காலில் மாட்டியுள்ள கண்ணாடியை எடுத்து வெயிலைத் திருப்பி அடிப்போம். அடித்த ஒளிக்கு மறுமொழி அடிக்காமல் இருப்பது, வாசலில் நின்று தண்ணீர் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவதற்கு ஒப்பானது. அத்தகைய ஒருவர் எங்களிடையே இதுவரை இருந்ததில்லை.

முதலில் மறுமொழி அடித்தவர் ஜீவுபென். அவரைக் கண்டு நான் அடித்தேன். என்னைக் கண்டு ஏனையோர் அடித்தனர். ஒன்பது கண்ணாடிகளின் ஒளி தடத்தின் ஓரம் சென்று குவிந்தது. வழக்கப்படி, அருகில் இருந்த ஹலீமாபென் கயிற்றுக் கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். நோயாளியைத் தூக்குவதற்குக் கட்டில் வேண்டும் அல்லவா? நான் தண்ணீர்க் குடத்தோடு ஓடினேன். எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு, அத்தனை தொலைவிலிருந்தும் ஜீவுபென் வந்து சேர்ந்தார்.

அங்கே நோயாளி எவரும் இல்லை. ஒரு ஜீப்பும், முக்காலி ஒன்றின்மேல் பொருத்தப்பட்ட கருவியும், அதன் கீழே ஒரு வெண்பலகையும் இருந்தன. பழுப்புத் தொப்பி அணிந்த நடுவயதினர் ஒருவரும், கையில் சிறு திரை ஒன்றை ஏந்திய இளம்பெண் ஒருவரும் கண்களைக் கையால் மறைத்தவாறு நின்றிருந்தனர்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஹலீமாபென் மூச்சிரைக்கக் கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீங்க எதுக்குக் கட்டிலைத் தூக்கிட்டு ஓடி வர்றீங்க?" என்றார் தொப்பிக்காரர்.

"நீங்கதானே சாகேப் கூப்பிட்டீங்க!"

"நானா? நான் எப்பக் கூப்பிட்டேன்?"

"கண்ணாடி அடிச்சீங்களே. ரெண்டு தடவை அடிச்சீங்க. நாங்களும் பதிலுக்கு அடிச்சோமே!"

அந்த இளம்பெண் திரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பின்னர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "சாகேப், எண்ணெல்லாம் ஏன் அப்படித் துள்ளிச்சுன்னு இப்பத்தான் புரியுது. இவங்க நம்ம வெள்ளைப் பலகையைக் கண்ணாடின்னு நினைச்சு பதில் அடிச்சிருக்காங்க. அந்த வெளிச்சம் பூரா நம்ம கருவிக்குள்ள போயிருக்கு."

தொப்பிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பெயர் புரோகித். வரைபட அலுவலகத்தின் அளவையாளர். பெண்ணின் பெயர் நிராலி. கருவியைக் கையாள்வதற்காக ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவர். செயற்கைக்கோள் தலைக்குமேல் கடந்து செல்லும் வேளையில் நிலத்தின் ஒளியைத் தரையில் நின்று அளப்பதும், மேலிருந்து பார்த்ததும் கீழிருந்து பார்த்ததும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதும் அவர்களது பணி.

"இந்தக் கோள் மறுபடி இந்தப் பக்கம் வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். இன்னிக்கு எடுத்த அளவு அத்தனையும் பாழ்!" என்று புரோகித் சாகேப் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

ஜீவுபென் நிராலியின் அருகில் சென்று திரையை எட்டிப் பார்த்தார். "ஏ பென், எங்க பாத்தி இதுல எப்படித் தெரியுது?"

நிராலி காட்டினார். ரண் நிலம் முழுவதும் வண்ணம் வண்ணமாகத் தீட்டப்பட்டிருந்தது. விளையும் பாத்திகள் நீல நிறத்தில் இருந்தன. நாங்கள் இருக்கும் பகுதி சாம்பல் நிறத்தில் இருந்தது.

"சாம்பல்னா என்ன?"

நிராலி திரையைத் தாழ்த்தினார். புரோகித் சாகேப் மறுமொழி கூறினார். "சாம்பல்னா கைவிட்ட பாத்தி. யாரும் வேலை செய்யாத இடம்."

"யாரும் வேலை செய்யலையா? அப்போ இது என்ன?" ஜீவுபென் பாவாடையைச் சற்றே உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். உலர்ந்த உப்பு வெள்ளை வெளேரென ஒட்டியிருந்தது. "இது என்ன, கல்யாணத்துக்குப் பூசின சந்தனமா?"

இதற்குக் காரணம் யாதெனில், அவ்வரைபடத்திற்கான முதல் தரைச்சோதனை மழைக்காலத்தின் இறுதியில் செய்யப்பட்டிருந்தது. அக்காலத்தில் ரண் நிலம் சேறாகக் கிடக்கும்; நாங்கள் ஊரில் இருப்போம். வந்தவர்கள் ஆளற்ற கரைகளைக் கண்டு, 'கைவிடப்பட்டவை' என்று எழுதிச் சென்றுவிட்டனர். வானிலிருந்து நோக்கினால் வேலை நடக்கும் பாத்தியும் வெண்மையே, விட்டுப்போன பாத்தியும் வெண்மையே. மேலிருக்கும் கண்ணுக்குத் தரையில் நின்ற ஒருவன் சொல்லித் தந்ததே பாடம். அவன் தவறாகச் சொன்னான். அது தவறாகக் கற்றுக்கொண்டது.

அதனால் விளையவிருந்த தீங்கு சிறியதன்று. ரண் நிலம் காட்டுக் கழுதைகளின் சரணாலயமும் ஆகும். வரும் பருவம் முதல் இவ்வரைபடத்தில் நீலமாக இருக்கும் பாத்திகளுக்கு மட்டுமே தடம் திறந்துவிடப்படும் என்றும், சாம்பல் பகுதிகள் மூடப்படும் என்றும் புரோகித் சாகேப்பே எங்களிடம் தெரிவித்தார். அதனைக் கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. வானிலை கூறுபவரைப் போலச் சொன்னார்.

"அப்போ இப்ப வாங்க," என்றார் ஜீவுபென். "என் பாத்தில வந்து நில்லுங்க. நின்னு பார்த்துட்டு நீலமா சாம்பலான்னு சொல்லுங்க."

"முடியாது பென். மெஷின் எந்த இடத்துல புள்ளி வைக்குதோ அங்கதான் நான் போகணும். இந்தத் தடவை புள்ளியெல்லாம் தடத்து ஓரமாத்தான் விழுந்திருக்கு. அது இல்லாம, பழுதுப் புள்ளி ஏதாவது இருந்தா அங்க போவேன். வேற எங்கயும் போக உத்தரவு இல்ல."

"பழுதுப் புள்ளின்னா?"

"கோளோட கண்ணு கூசிப்போன இடம். அந்த இடத்துல என்ன இருக்குன்னு அதுக்கே தெரியாது. அதனால ஆள் நேர்ல போய்ப் பார்த்தே ஆகணும். அது விதி."

ஜீவுபென் வெண்பலகையையும், பிறகு தம் கையிலிருந்த கண்ணாடியையும் நோக்கினார். ஓடி வந்த விரைவில் அதனைக் குடிசையில் மாட்ட மறந்திருந்தார்.

"கண்ணு கூசினா வருவீங்களா?"

"வந்துதான் ஆகணும்."

"நல்ல விதி சாகேப். இடுப்பொடிய வேலை செய்றவளைப் பார்க்க வர மாட்டீங்க. கண்ணைக் குத்தினாத்தான் வருவீங்க."

"விதியை நான் எழுதல பென்."

"சாகேப்," என்று ஹலீமாபென் குறுக்கிட்டார், "கட்டில் இவ்வளவு தூரம் வந்தாச்சு. காலியாத் திரும்பினா அபசகுனம். நீங்க இதுல படுத்துக்கோங்க. நாங்க நாலு பேரும் தூக்கிட்டுப் போய் ஜீவு பாத்தில இறக்கிடறோம். உங்க கால் தரையில படாது. உத்தரவை மீறினதாவும் ஆகாது."

ஜீப் ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். புரோகித் சாகேப் முக்காலியை மடக்கத் தொடங்கினார். நாங்கள் திரும்பும்போது ஜீவுபென், "அந்தக் கோள் அடுத்து எப்ப வரும்?" என்று நிராலியிடம் கேட்டார். நிராலி தம் மேலாளரை ஒரு கணம் நோக்கிவிட்டு, "அது ஒண்ணும் ரகசியம் இல்ல பென். போன்ல பார்த்தா எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டாம் தேதி, பதினொண்ணு பத்துக்கு," என்று உரக்கவே சொன்னார். தம் தொலைபேசி எண்ணையும் தந்தார்.

அன்று மாலை என் குடிசையில் தேநீர் அருந்தியவாறு நாங்கள் கூடிப் பேசினோம். ஜீவுபென் தேநீரைத் தட்டில் ஊற்றி, ஆற்றிக் குடித்து முடித்த பின் தம் கருத்தைக் கூறினார்.

"அவங்க நம்மளை ஆளா எண்ண மாட்டாங்க. சரி, பழுதா எண்ணட்டும். ஒன்பது பாத்திலயும் கண்ணாடியை மேல திருப்புவோம். ஒன்பது இடத்துல அதோட கண்ணைக் கூச வைப்போம். அப்புறம் சாகேப் நடந்து வரட்டும்."

"அரசாங்கத்தோட கண்ணுல வெளிச்சம் அடிச்சா கேஸ் போட்டுடுவாங்க ஜீவுபென்," என்றேன் நான்.

"எந்தக் கேஸ் ரூடாபாய்? நம்ம கண்ணாடி, நம்ம கை, நம்ம சூரியன்!"

"சூரியன் நம்மளது இல்ல, அல்லாவோடது," என்றார் ஹலீமாபென்.

"சரி, அவர்கிட்ட நீ கேட்டு வாங்கிக் கொடு."

சிரித்தோம். ஆயினும் இடர்ப்பாடு ஒன்று இருந்தது. கண்ணாடியைக் குறி வைப்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்து, மறுகையின் இரு விரல்களைக் கவைபோல் நீட்டி, கவையின் இடையே எதிராளியை நிறுத்தி, விரல்களின் மீது ஒளி விழும்படி கண்ணாடியைச் சாய்ப்போம். விரல் ஒளிர்ந்தால் எதிராளியின் முகமும் ஒளிரும். இம்முறைக்கு எதிராளி கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். பகல் வானத்தில் செயற்கைக்கோள் தெரியாது.

மறுநாள் ஜீவுபென் நிராலியைத் தொலைபேசியில் அழைத்து, "வானத்துல எந்த இடம்?" என்று கேட்டார். நிராலி, "எதுக்குக் கேக்கறீங்கன்னு நான் கேக்கல," என்று தொடங்கி, நேர் உச்சியிலிருந்து மேற்கே, கையை நீட்டிப் பிடித்தால் நான்கு விரல் அகலம் தள்ளி, என்று கூறினார். அத்துடன், "சின்னக் கண்ணாடியே போதும். பெருசு வேணும்னு இல்ல. ஆனா மயிரிழை தப்பினாலும் தப்பினதுதான்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒரு நீண்ட கழியை நட்டு, அதன் நுனியில் வெள்ளைத் துணி கட்டி, நூல்குண்டு தொங்கவிட்டு நேர் பார்த்து, பிறகு மேற்கே நான்கு விரல் சாய்ப்பது என்று முடிவாயிற்று. கீழே படுத்தவாறு கண்ணாடியால் அத்துணியை ஒளிரச் செய்ய வேண்டும். துணி ஒளிர்ந்தால், அதற்கும் மேலே செல்லும் ஒளி கோளின் கண்ணைத் தொடும். இரு விரல் செய்த வேலையை இப்போது கழி செய்தது. ஒவ்வொரு நாளும் உப்பைக் கிளறி முடித்த பின் பயின்றோம். சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால் கண்ணாடியும் கணந்தோறும் நகர வேண்டியிருந்தது. ஹலீமாபென் ஒருநாள் ஒளியைத் துணியில் நிறுத்தியவாறே உறங்கிவிட்டார்.

கண்ணாடியின் அளவு பற்றி நிராலி கூறியதை நான் நம்பவில்லை. ஆகவே ஊருக்குச் சென்று எங்கள் இரும்பு அலமாரியின் கண்ணாடியைக் கழற்றித் தண்ணீர் வண்டியில் ஏற்றி வந்தேன். என் மனைவி வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். "இருபது வருஷமா அந்தக் கண்ணாடில நின்னு நான் தலை சீவினா, 'போதும் போதும், வேலையைப் பாரு'ன்னீங்க. இப்ப வானத்துக்கு மூஞ்சி காட்ட எடுத்துட்டு வர்றீங்களாக்கும்!"

இருபத்திரண்டாம் நாளன்று காற்று சற்று மிகுதியாக இருந்தது. அவரவர் பாத்தியின் கரையில் அவரவர் படுத்தோம். கழிகள் ஆடின. என் மனைவி கழியைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, நான் அலமாரிக் கண்ணாடியை மார்பின் மேல் சாய்த்துத் துணியை ஒளிரச் செய்தேன். உச்சியில் ஒன்றும் தெரியவில்லை. ஓர் ஒலியும் கேட்கவில்லை. நாங்கள் எதனை எதிர்த்துப் படுத்திருக்கிறோமோ அது எங்களை அறியாமலே கடந்துபோயிற்று. பதினொன்று பதினைந்துக்கு எழுந்து உப்பைத் தட்டிவிட்டு அவரவர் வேலைக்குச் சென்றோம்.

ஹோலி கழிந்த பின் நிராலி அழைத்தார். ஜீவுபென் ஒலிபெருக்கியில் வைத்தார்.

"படம் வந்திருக்கு பென். உங்க வரிசைல சிவப்பா புள்ளி விழுந்திருக்கு. எல்லாம் பழுதுன்னு மெஷினே குறிச்சு வெச்சிருக்கு. சாகேப் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். பத்தாம் தேதி நேர்ல வர்றோம்."

ஆரவாரம் எழுந்தது. ஹலீமாபென் கைதட்டினார்.

"ஒன்பதும் விழுந்துச்சா?" என்று ஜீவுபென் கேட்டார்.

"எட்டு."

"எது விழல?"

"கடைசிப் பாத்தி," என்றார் நிராலி.

அது ஜீவுபென்னின் பாத்தி. அவரே எல்லாருக்கும் குறி வைக்கக் கற்றுத் தந்தவர். அவருடைய துணியே எல்லாவற்றிலும் தெளிவாக ஒளிர்ந்ததை நான் என் கண்ணால் கண்டேன். காற்று அசைத்ததா, கழி இளகிய உப்பில் சற்றே இறங்கிற்றா, எதனால் தவறிற்று என்பதனை இன்றுவரை எவரும் அறியார். ஜீவுபென் தொலைபேசியை வைத்துவிட்டு, "எட்டு நல்ல எண்ணுதான்," என்று சொல்லி, வாரியை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்.

மார்ச் பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தனர். ஜீப் தடத்தை விட்டு இறங்கியவுடன் மேற்பொருக்கு உடைந்து சக்கரம் புதைந்தது. புரோகித் சாகேப் நடந்தே வந்தார். முதல் ஐம்பது அடியில் இடது காலணி சேற்றில் தங்கிவிட்டது. அதனை எடுக்கக் குனிந்தபோது வலது காலணியும் தங்கிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை என்று எழுத விரும்புகிறேன். ஆனால் ஹலீமாபென் சிரித்தார்.

"கட்டில் வேணுமா சாகேப்? அன்னிக்கே கேட்டேன்."

அவர் வெறுங்காலுடன் ஹலீமாபென்னின் பாத்திக்கரையில் ஏறி நின்றார். எட்டுப் பாத்திகளின் உரிமையாளர்களும் அங்குக் கூடியிருந்தோம். ஜீவுபென்னும் வந்திருந்தார்.

"யார் செஞ்ச வேலைன்னு எனக்குத் தெரியும்," என்றார் சாகேப். "நிரூபிக்க முடியாது, அதனால பேசல. நண்பகல் தாண்டிப் பத்து நிமிஷம் வரைக்கும்தான் வெளிச்சம் கணக்குல வரும். எட்டு இடத்தையும் அளந்துட்டுப் போயிடறேன்."

"ஒன்பது," என்றார் ஜீவுபென்.

"உங்க இடத்துல பழுது இல்ல பென்."

"முதல்ல கண்ணாடியைத் தூக்கினது நான்தான் சாகேப். இப்ப நானே சொல்றேன். நிரூபிச்சுக்கோங்க."

"கோளுக்கு அது தெரியாது. உங்க பாத்தி அதுக்குக் கைவிட்ட பாத்தியாத்தான் தெரியுது. எனக்குப் புள்ளி இல்ல. நான் வர முடியாது." அவர் குரலில் சினம் இருக்கவில்லை. முக்காலியைப் பாத்திக்குள் நிறுத்தி, வெண்பலகையைச் சமன் செய்தார். நிராலி திரையை இயக்கினார்.

அப்போது வெண்பலகையின் மீது ஒரு நிழல் விழுந்தது. ஹலீமாபென் சூரியனுக்கும் முக்காலிக்கும் நடுவே வந்து, கைகளை இடுப்பில் ஊன்றி நின்றார்.

"தள்ளுங்க பென். நிழல் விழுது."

"என் பாத்தி. என் நிழல். நான் எங்க வேணா நிப்பேன்."

சாகேப் முக்காலியை நகர்த்தினார். என் மனைவி அங்கே போய் நின்றார். மீண்டும் நகர்த்தினார். அங்கே மற்றொருவர் நின்றார். மறைக்கப்படாத வெயில் அப்பாத்தியில் இல்லாதபடி நாங்கள் சுற்றி நின்றுகொண்டோம்.

எனக்குத் தயக்கம் இல்லாமல் இல்லை. எட்டுப் பாத்திகள் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தன. அவர் முக்காலியை மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டால் ஒன்பதும் சாம்பலாகவே நின்றுவிடும். வரும் பருவத்தில் நாங்கள் ஒருவரும் இத்தடத்தில் கால்வைக்க இயலாது. இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சாகேப்பும் அதனையே சொன்னார்.

"நேரம் போயிட்டிருக்கு. நான் கிளம்பிட்டா எட்டும் போச்சு. ஒருத்தருக்காக எட்டுப் பேரும் அழியப் போறீங்களா?"

"ஹலீமா, நகரு," என்றார் ஜீவுபென். "உங்களுதாவது ஆகட்டும்."

"நீ வாயை மூடு."

"பைத்தியக்காரி! உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"என் ரெண்டாவது பொண்ணு பிறந்தப்ப பதினோரு நாள் என் பாத்தியைக் கிளறினது யாரு? உன் பாத்தில உப்பு பாறையாப் போச்சே, மறந்துட்டியா? நான் மறக்கல. நகர மாட்டேன். சாகேப் வேணா எங்க எல்லாரையும் சேர்த்து அளந்து, கைவிட்ட பொம்பளைங்கன்னு எழுதிக்கட்டும்."

சாகேப் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். அவ்வேளையில் நிராலி திரையிலிருந்து தலை நிமிர்த்தாமலே பேசினார்.

"சாகேப், மூணாவது பொத்தான் இருக்கே."

"நிராலி!"

"அளவையாளர் தானே சேர்க்கிற புள்ளி. அதை வெச்சா அந்த இடமும் கணக்குல வந்துடும். பயிற்சில நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

ஜீவுபென் மெல்ல சாகேப்பை நோக்கித் திரும்பினார். "அப்படி ஒரு பொத்தான் இருக்கா?"

"இருக்கு," என்றார் சாகேப்.

"அன்னிக்கும் இருந்துச்சா? நான் காலைக் காட்டினேனே, அன்னிக்கும்?"

சாகேப் வெண்பலகையின் மேல் படிந்திருந்த உப்பைத் துடைத்தார்.

"நாங்க உப்புல படுத்து வானத்தைப் பார்த்துக் கண்ணு எரிஞ்சுக்கிட்டிருந்தப்பவும் அந்தப் பொத்தான் உங்க பையிலதான் இருந்துச்சா சாகேப்?"

"அதை அழுத்தினா மேல காரணம் கேப்பாங்க பென். இருபத்தாறு வருஷத்துல நான் ஒரு தடவை கூட அழுத்தினது இல்ல. அழுத்தினவங்களை எங்க மாத்தினாங்கன்னு எனக்குத் தெரியும்."

"காரணம்தானே? எழுதுங்க. ஒரு விதவை, ஒரு கிணறு, ஒரு வாரி. உப்பு விளையுது. சந்தேகம் இருந்தா மேல இருக்கறவங்களையும் வெறுங்காலோட வரச் சொல்லுங்க."

சாகேப் தம் கால்களைப் பார்த்தார். உப்பு அவற்றின் மீது உலரத் தொடங்கியிருந்தது. பின்னர் நிராலியிடமிருந்து திரையை வாங்கி, கடைசிப் பாத்தியின் மேல் விரலை வைத்து அழுத்தினார். ஹலீமாபென் எட்டிப் பார்த்து, "கடைசில வர்றேன்னு சொல்லி ஜீப்ல ஏறிட மாட்டீங்களே?" என்றார்.

"புள்ளி வெச்சாச்சு. போகாம விட்டா இனி மெஷின் கோப்பை மூட விடாது. எட்டுக்கும் சேர்த்து விடாது. போதுமா?"

ஹலீமாபென் விலகி நின்றார். வெயில் பலகையின் மீது விழுந்தது.

அதன்பின் பணி விரைவாக நடந்தது. அவர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு வெறுங்காலுடன் ஓட்டமும் நடையுமாகச் சென்றார். முக்காலியை நான் சுமந்தேன். என் பாத்தியில் அளந்துகொண்டிருந்தபோது பதினொன்று பத்து ஆயிற்று. அக்கோள் எங்கள் தலைக்குமேல் கடந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உடைந்த உப்புமணிகள் சாகேப்பின் பாதங்களை அறுத்திருந்தன. என் மனைவி கிழிந்த துணியைக் கொடுத்தபோது வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஜீவுபென் எங்களுடன் வரவில்லை. அவர் முன்னதாகவே தம் பாத்திக்குச் சென்று இறங்கியிருந்தார். நாங்கள் அங்குச் சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே உவர்நீரில் நின்று கிளறிக்கொண்டிருந்தார். வாரியின் பற்கள் விட்டுச்சென்ற கோடுகள் பாத்தி முழுவதும் நெருங்கிக் கிடந்தன. அவற்றினிடையே உப்பு மணிமணியாகத் திரண்டு மின்னிற்று.

சாகேப் கரையில் நின்று சிறிது நேரம் அதனைப் பார்த்தார். பிறகு முக்காலியை நீருக்குள் நிறுத்தினார். முதலில் பலகையை அளந்தார். அடுத்து உப்பை அளந்தார். கருவி மெல்லிய ஒலியொன்றை எழுப்பியது. நிராலி திரையை அவர் பக்கம் நீட்டினார். அவர் 'கைவிடப்பட்டது' என்பதனை நீக்கி, 'பயன்பாட்டில் உள்ளது' என்பதனை அழுத்தினார். சாம்பல் நிறக் கட்டம் நீலமாயிற்று. ஒன்பதாவது நீலம் அது.

"முடிஞ்சுது பென்," என்றார். ஏதோ நன்றியை எதிர்பார்த்தவர்போல் அங்கேயே நின்றார்.

"முடிஞ்சுதுல்ல? அப்போ உங்க மூணு காலையும் என் பாத்திலேருந்து எடுங்க சாகேப்," என்றார் ஜீவுபென், நிமிராமலே. "எனக்கு வேலை கிடக்கு."

சாகேப் முக்காலியைத் தூக்கிக் கரை ஏற்றும் முன்பே, அது நின்றிருந்த இடத்தின் மீது வாரி சென்று திரும்பிற்று. அப்போது மணி நண்பகல் பன்னிரண்டு ஏழு.